டீச்சருக்கு ஒரு மெழுகுவர்த்தி

பள்ளிக்கூடம் அடைக்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது இரண்டாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளிடம் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினார். வருஷக் கடைசியில் யாரும் கடையில் எதுவும் வாங்கி வரவேண்டாம், தந்தே தீரவேண்டும் என்று ஆசையிருந்தால் குழந்தை தன் கையால் செய்ததைத் தரட்டும், ஒரு காகிதப் பூ போதும் என்று அதில் இருந்தது.

மிளகு அந்தச் சீட்டை அம்மாவிடம் காட்டவில்லை. அப்பாவிடமும் காட்டவில்லை. நேராகச் சித்தியிடம் கொண்டுபோனாள்.

மிளகு என்பது பட்டப்பெயர். பிறந்தபோது அத்தனை சின்னதாகவும் கறுப்பாகவும் சுருங்கியும் இருந்தாள் என்று அவள் அப்பா வைத்தது. பேச ஆரம்பித்த பிறகு காரமும் சேர்ந்துகொண்டதால் பெயர் நிலைத்துவிட்டது. அவளுக்கு ஏழு வயது. சித்தி அவள் அம்மாவின் தங்கை. பயணச்சீட்டுப் போட்டுக்கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அலுவலகத்தை மூடியதும் ஒரே ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். அடுத்த வேலை கிடைக்கிறவரைக்கும் என்றுதான் வந்தது. மழைக்காலத்தில் வந்தவள், இப்போது வெயில் ஏறிவிட்டது.

அக்காவுக்குப் பெரிய பலசரக்குக் கடை ஒன்றில் பில் போடும் வேலை. நாள் முழுக்க நின்றபடி. அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் யார் எந்த மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டாலும் அவருக்குத்தான் போன் வரும். சித்தி அவரை மாமா என்று கூப்பிடுவாள்.

அந்த வீட்டில் உபயோகமாக இருக்கவேண்டும் என்று சித்திக்கு ரொம்ப ஆசை. ஆசைக்குக் கை ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான். மாமாவின் வேலைச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டுப் போன் எடுக்கப் போனாள். முதுகில் முக்கோணமாக ஒரு பழுப்புத் தடம் விழுந்தது. வேறு சட்டை காயாததால் அவர் அதையே மாட்டிக்கொண்டு போனார். "லிஃப்ட் மேல போகுதுன்னு முதுகுலேயே அம்புக்குறி போட்டுட்டியாப்பா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் ஒரு மாதம் ஓட்டினார்கள். இன்னொரு நாள் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனாள். கீழ் வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படியேறி வந்து கதவைத் தட்டினார்.

மாமா கெட்டவர் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் விவகாரத்துக்குப் பிறகு சமையலறையில் அக்காவிடம் பேசினார்.

"உன் தங்கச்சி, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆச்சுன்னா, வேற இடம் பாத்துக்கச் சொல்லிடு. எனக்குச் சொல்ல வாய் வராது, நீயே சொல்லு."

"மெதுவாப் பேசுங்க" என்றாள் அக்கா.

சமையலறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு மட்டும்தான். சித்தி கேட்டாள். அவள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த மிளகும் கேட்டாள்.

"சித்தி, நீ போயிடுவியா?"

"எங்க போறது? தூக்கத்துல உன்கிட்ட உதை வாங்காம எனக்கு விடியவே விடியாதே."

மிளகு சிரிக்கவில்லை. வரைந்துகொண்டிருந்த வீட்டின் கதவைக் கறுப்புக் கிரேயானால் அழுத்தி அழுத்தி அடைத்தாள்.

டீச்சருக்கு என்ன செய்வது என்று இருவரும் வெகுநேரம் யோசித்தார்கள். காகிதப் பூவை எல்லாரும் செய்வார்கள். கூழாங்கல்லில் பெயின்ட் அடித்துக் கொடுக்கலாம் என்றாள் சித்தி. "கல்லையா கொடுக்கிறது? அவங்க என்ன தப்பு பண்ணாங்க?" என்றாள் மிளகு. பிறகு அவளே சொன்னாள். "டீச்சர் வீட்ல அடிக்கடி கரண்ட் போயிடுமாம். எங்க நோட்டெல்லாம் இருட்டுல திருத்துவாங்களாம். மெழுகுவர்த்தி செய்யலாமா?"

சித்திக்கு அது பிடித்துவிட்டது. இழுப்பறையில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகள் நிறையக் கிடந்தன. ஜோடி உடைந்த டீ கிளாஸ்கள் மூன்று இருந்தன. போனில் ஒரு வீடியோ பார்த்தார்கள். பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் மெழுகு டப்பாவை நிறுத்தி, மெல்ல உருக்கவேண்டும். திரிக்கு நூல். நூல் சாயாமல் இருக்க கிளாஸின் வாயில் ஒரு ஐஸ்கிரீம் குச்சி. நிறத்துக்குக் கிரேயான் சீவல்.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. அக்காவும் மாமாவும் வேலைக்குப் போன பிறகு ஆரம்பித்தார்கள். மிளகு பென்சில் சீவும் பிளேடைக் கேட்டாள். சித்தி கொடுக்கவில்லை, ஸ்பூனால் சுரண்டச் சொன்னாள். அந்த விஷயத்தில் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். சிவப்பும் மஞ்சளும் சீவல் சீவலாகத் தட்டில் விழுந்தன. கிளாஸில் ஒட்டுவதற்கு மிளகு ஒரு காகிதத்தில் 'என் டிச்சருக்கு' என்று எழுதியிருந்தாள். நெடில் விட்டுப்போனதைச் சித்தி கவனித்தாள். சொன்னால் மறுபடி முதலிலிருந்து எழுத உட்கார்ந்துவிடுவாள் என்று சும்மா இருந்தாள்.

மெழுகு உருகவே இல்லை. ஓரத்தில் கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டு அப்படியே நின்றது.

"இன்னும் எவ்வளவு நேரம் சித்தி?"

"இரு, இப்ப ஆயிடும்."

"நீ இப்ப இப்பன்னே சொல்ற."

சித்தி டப்பாவைத் தண்ணீரிலிருந்து எடுத்து நேராக அடுப்பின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தாள். மெழுகு சட்டென்று உருகிவிட்டது. இருவருக்கும் சந்தோஷம். மிளகு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்று சிவப்புச் சீவலைத் தூவினாள். நூலைக் காணவில்லை. சித்தி நூலைத் தேட அறைக்குள் போனாள். தையல் பெட்டிக்குள் பார்த்தாள், ஜன்னலில் பார்த்தாள், கடைசியில் அது தன் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"சித்தி, அதுவே மெழுகுவர்த்தி ஆயிடுச்சு!" என்று மிளகு சிரிக்கிற சத்தம் கேட்டது.

டப்பாவின் வாயில் தீ நின்றது. பெரிய தீ இல்லை, ஒரு சாண் உயரம். அடுப்பை அணைத்து மேலே ஒரு தட்டைக் கவிழ்த்திருந்தால் அதோடு போயிருக்கும். சித்திக்கு அந்த நேரத்தில் தீ என்றால் தண்ணீர் என்பது மட்டும்தான் தெரிந்தது. தொட்டிப் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து ஊற்றினாள்.

தீ கூரை வரைக்கும் எழும்பியது. சத்தம் ஒன்று வந்தது, பெரிய துணியை உதறுவதுபோல. சித்தியின் முன்முடியும் புருவமும் கருகின. அதை அவள் அப்புறம்தான் தெரிந்துகொண்டாள். மிளகு வலது கையை முகத்துக்குக் குறுக்கே தூக்கியிருந்தாள். அந்தக் கைதான் முகத்தைக் காப்பாற்றியது. கொதிக்கும் மெழுகு விரல்களிலும், முழங்கை வரைக்கும் கையிலும், கழுத்தின் ஒரு பக்கத்திலும் ஒட்டிக்கொண்டது. சிவப்பு மெழுகு. அதில் எது மெழுகு, எது குழந்தை என்று தெரியவில்லை.

குழாய்க்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டு சித்தி கத்தியதில் கீழ் வீட்டுக்காரர் ஓடிவந்தார். அவர்தான் அடுப்பை அணைத்தார், அவர்தான் வண்டி பிடித்தார். வண்டியில் மிளகு அழவில்லை. பல் கிட்டித்துப்போய் நடுங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "அப்பா திட்டுவாரா?"

"உன்னைத் திட்டமாட்டார் தங்கம்."

"உன்னை?"

சித்தி அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அக்கா கடைச் சீருடையிலேயே வந்து சேர்ந்தாள். அவள் வரும்போது கட்டுப்போட்டு முடித்திருந்தார்கள். வலிக்கு ஊசி போட்டதில் மிளகின் கண் செருகிக்கொண்டு வந்தது. அம்மாவைப் பார்த்ததும் அவள் வாயைத் திறந்து தெளிவாகச் சொன்னாள்.

"நான்தாம்மா தண்ணி ஊத்தினேன். சித்தி அங்க இல்லவே இல்ல. நூல் எடுக்கப் போயிருந்தா."

அக்கா சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். இல்லை, நான்தான் என்று சொல்ல அதைவிடச் சுலபமான நேரம் பிறகு வரவே இல்லை. சித்தி மிளகின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அதற்குள் டாக்டர் கூப்பிட்டார், அக்கா போய்விட்டாள். சித்தி மிளகைப் பார்த்தாள். மருந்து மயக்கத்திலும் அந்தக் குழந்தையின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. ஒளிந்து விளையாடும்போது கூட்டாளியைக் காட்டிக்கொடுக்காத பெருமை.

மாமா பின்னால் வந்தார். கட்டைப் பார்த்ததும் பயந்துபோனார். அந்தப் பயத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிள்ளை மேலேயே வைத்தார்.

"நெருப்புல போய் தண்ணி ஊத்துவாங்களா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன், அடுப்புப் பக்கம் போகாதேன்னு? அறிவு இருக்கா உனக்கு?"

"சாரிப்பா" என்றாள் மிளகு.

அவர் வெளியே போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். சித்தி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று முழுக்க அவள் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் போகச் சொல்வார்கள் என்பது ஒரு பயம். இந்த நிலையில் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு சமாதானம். இரண்டுக்கும் நடுவே அந்தப் பகல் போனது, மறுநாள் காலையும் போனது.

மறுநாள் மதியம் டீச்சர் வந்தார். தோளில் பையும் கையில் மடக்கிய குடையுமாகப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தார். வயதானவர் இல்லை, சித்தியைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு மிளகின் கட்டையே பார்த்தார்.

"நான்தான் சீட்டு அனுப்பினேன்" என்றார். "கடையில வாங்க வசதியில்லாதவங்க சங்கடப்படக் கூடாதுன்னு நினைச்சேன். இப்படி ஆகும்னு..."

மாமாவுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"யாருங்க உங்ககிட்ட கேட்டாங்க? கடையில ஒரு பேனா வாங்கிக் குடுத்துட்டுப் போயிருப்போம். கையால செய், காலால செய்னு எழுதி அனுப்பிட்டு, இப்ப வந்து நின்னு பாத்தா சரியாப்போச்சா? அவ எந்தக் கையால எழுதுவான்னு தெரியுமா உங்களுக்கு? நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை நிற்பதுபோல நின்றார். "ஆமாங்க. என் தப்புதான்" என்றார்.

சித்தியின் தப்பை முதலில் ஏழு வயதுக் குழந்தை சுமந்தது. இப்போது யாரோ ஒரு பெண் சுமந்துகொண்டு நிற்கிறாள். சித்தியால் அதற்கு மேல் முடியவில்லை.

"தண்ணி ஊத்தினது நான் மாமா" என்றாள். "டப்பாவை நேரா அடுப்புல வெச்சதும் நான்தான். மிளகு ஒண்ணுமே பண்ணல."

"பொய்! சித்தி பொய் சொல்றா!" மிளகு எழுந்திருக்கப் பார்த்தாள். கையில் குத்தியிருந்த ஊசி இழுத்தது. "நான்தான் ஊத்தினேன்! அப்பா, நான்தான்ப்பா! சித்தியைப் போகச் சொல்லாதீங்க!"

நர்ஸ் வந்து பிடித்துப் படுக்கவைத்தாள். குழந்தை எதற்காகப் பொய் சொன்னது என்பது அப்போதுதான் பெற்றவர்களுக்குப் புரிந்தது. மாமா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் தான் சொன்ன வார்த்தை அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும்.

அக்கா சித்தியை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"தீப்பிடிச்சது விபத்து. பதட்டத்துல நான் இருந்தாலும் தண்ணியைத்தான் ஊத்தியிருப்பேன். அதை விடு." அக்காவின் குரல் ஏறவே இல்லை. "நேத்திலேர்ந்து அவ மேல போட்டுட்டு உக்காந்திருந்தியே, அது எப்படி முடிஞ்சுது உன்னால? அவர் அவளைத் திட்டும்போது நின்னு கேட்டியே? வெந்து கிடக்கிற புள்ளை சாரி சொல்லுச்சு. கேட்டியே?"

"அக்கா..."

"வீட்டுச் சாவியைக் குடு. பெட்டியை நாளைக்கு எடுத்து வாசல்ல வைக்கிறேன். நான் வேலைக்குப் போன அப்புறம் வந்து எடுத்துக்கோ."

சித்தி சாவியைக் கொடுத்தாள். வார்டு வாசலைக் கடக்கும்போது உள்ளே மிளகு அழுகிற சத்தம் கேட்டது. அவள் நிற்கவில்லை.

பெண்கள் விடுதி ஒன்றில் ஒரு கட்டில் கிடைத்தது. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. வெந்நீர் ஆவி பொங்கும் கூடத்தில் எதிரும் புதிருமாக நின்று காய்ந்த விரிப்புகளை மடிக்கவேண்டும். ஒருத்தி விரிப்பை உதறும்போதெல்லாம் சித்திக்கு உடம்பு தூக்கிப்போட்டது. முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

அக்கா போன் எடுக்கவில்லை. டீச்சர்தான் எப்போதாவது கூப்பிட்டார். அவரிடம் நம்பர் எப்படிப் போனது என்று சித்தி கேட்கவில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டியிருக்கிறார்கள், கழுத்து ஆறுகிறது, பேசுகிறாள், ஆனால் முன்பு மாதிரி இல்லை என்று டீச்சர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் தன்னிடம் விளக்கம் கேட்டிருப்பதாகவும் ஒருநாள் சொன்னார்.

"கடைசி நாளன்னிக்குப் பசங்க கொண்டுவந்தாங்க" என்றார். "பட்டன் ஒட்டின டப்பா, நூல் சுத்தின போட்டோ சட்டம், ஒரு பையன் பேப்பரைக் கூழாக்கி ஒரு கிண்ணம் பண்ணியிருந்தான். எல்லார் கையையும்தான் நான் பாத்தேன். யாருக்காவது ஏதாவது காயம் இருக்கான்னு. ஒண்ணைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டு வர முடியல. ஸ்டாஃப் ரூம் அலமாரியிலேயே வெச்சுப் பூட்டிட்டேன்."

"நீங்க பண்ணது ஒண்ணுமில்ல டீச்சர்."

"நீங்க மட்டும் வேணும்னேவா பண்ணீங்க?"

யாருக்கும் யாரையும் தேற்றத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்த பிறகு ஒருநாள் அக்காவின் போன் வந்தது. எப்படி இருக்கிறாய் என்ற கேள்வி இல்லை.

"தோல் இறுகுது. விரலெல்லாம் உள்பக்கமா மடங்கிட்டே போகுது. காலையிலயும் சாயங்காலமும் ஒவ்வொரு விரலா மடக்கி நீட்டி விடணும்னு சொல்லியிருக்காங்க. இல்லேன்னா மறுபடி ஆபரேஷனாம். காலையில நான் பாத்துக்கறேன். சாயங்காலம் எனக்கு ஷிஃப்ட், மாத்தித் தர மாட்டேங்கறாங்க. அவர் ஒரு தடவை பண்ணிப் பாத்தார். அவ கத்தினதுல விட்டுட்டு ஓடிட்டார். வேற யாரையும் எனக்குத் தெரியல." கொஞ்சம் நிறுத்தினாள். "உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே."

"நினைக்கல அக்கா."

அன்று சாயங்காலம் வேலை முடிந்து சித்தி போனாள். கதவைத் திறந்தது மாமா. "வா" என்றார். கண்ணைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப்போனார். சமையலறைக் கூரைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

மிளகு வளர்ந்திருந்தாள், மெலிந்திருந்தாள். கையில் தோல்நிறத்தில் இறுக்கமான உறை போட்டிருந்தது. இடது கையால் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள், எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன. சித்தியைப் பார்த்ததும் ஓடிவரவில்லை.

"வந்துட்டியா" என்றாள். அப்புறம், "ஏன் சொன்னே?" என்றாள்.

"என்ன தங்கம்?"

"நான் காப்பாத்தினேன்ல? யாருக்கும் தெரியல. நீயாப் போய் சொல்லிட்டே. அதான் அனுப்பிட்டாங்க. நான் திட்டு வாங்கினதெல்லாம் வேஸ்ட்."

சித்தி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். உறையைக் கழற்றினாள். எண்ணெய் தடவினாள். கையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்த்தாள். தோல் பளபளவென்று, இழுத்துத் தைத்ததுபோல் இருந்தது. சுண்டுவிரல் உள்ளங்கையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. அக்கா போனில் சொல்லிக்கொடுத்தபடி விரலின் அடியை ஒரு கையால் பிடித்து, நுனியை மறு கையால் நிமிர்த்தினாள்.

மிளகு அலறினாள். ஆஸ்பத்திரிக்குப் போன வண்டியில் அழாத பிள்ளை. உதைத்தாள், இடது கையால் சித்தியின் முடியைப் பிடித்து இழுத்தாள். தோளில் கடித்தாள், துணிக்கு மேலேயே பல் பதிந்தது.

"விடு! நீதான் சுட்டே! நீதான் தண்ணி ஊத்தினே! எல்லார்கிட்டயும் சொல்வேன்!"

"சொல்லு. எல்லார்கிட்டயும் சொல்லு. இந்த விரலை மட்டும் நீட்டு."

"நாளைக்கு வராதே! நீ வரவே வராதே!"

சித்தியின் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் அந்தச் சுண்டுவிரலில் இருந்தன. அது கொஞ்சம் நிமிர்ந்தது, ஒரு நெல்லளவு. அங்கேயே பிடித்து நிறுத்தி வைக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், நிறுத்தி வைத்தாள். பிறகு விட்டுவிட்டு மோதிர விரலை எடுத்தாள்.

மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். மூன்று விரல் நிமிர்ந்தது. சுண்டுவிரலுக்கு மறுபடியும் ஆபரேஷன் செய்தார்கள், அதற்குப் பிறகும் அது முழுக்க நிமிரவில்லை. அந்த வீட்டில் தங்கச் சித்தியை யாரும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. சாயங்காலம் படியில் அவள் காலடி கேட்டதும் மிளகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். சித்தி தரையில் உட்கார்ந்து, எண்ணெய்ச் சீசாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் வெளியே வரும்வரை காத்திருப்பாள்.